பழைய கார் படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துப் பழுது தேடும் வழி

எங்கள் வீட்டுக் கார் 2009-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. இதுவரை 1,22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாளையங்கோட்டை வீட்டிலிருந்து வள்ளியூரில் மாமியார் வீடு, திருச்செந்தூர், சாரல் காலத்தில் குற்றாலம், வருடத்துக்கு ஒருமுறை கோயில் கொடைக்குச் சொந்த ஊர். இவ்வளவுதான் அதன் உலகம். டேஷ்போர்டு பெட்டிக்குள் 80 பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, எதை மாற்றினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அண்மையில் புரட்டிப் பார்த்தேன். பெரிய தொகை எழுதியிருக்கும் பக்கங்களில் பாதி, இருநூறு ரூபாய்ச் சாமான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதில் தொடங்கியவை. மீதியில் சில, இருநூறு ரூபாய்ச் சாமானை விட்டுவிட்டு ஆறாயிரம் ரூபாய்ச் சாமானை மாற்றியவை.

ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறேன். செலவு அதற்குப் பின்னால்தான். தொகைகள் எல்லாம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் திருநெல்வேலியில் நானும் உறவினர்களும் கொடுத்தவை. 800 சிசி முதல் 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்குச் சுமாராகப் பொருந்தும். டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றரை மடங்காக எண்ணிக்கொள்ளவும்.

## சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்கவில்லை

முதலில் காதைக் கொடுங்கள். என்ன சத்தம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

### 'டக டக' என்ற சத்தம், அல்லது ஒரே ஒரு 'டிக்'

முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிச் சாகிறது என்றால் பேட்டரி அல்லது அதன் முனையான டெர்மினல்.

டெர்மினலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் ஆடுகிறதா? உவரி, கூடங்குளம் பக்கம் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது வருடம் தவறாமல் வரும். மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக்கொண்டு இறங்கிவிடும். துடைத்து, காயவைத்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். செலவு பத்து ரூபாய்.

அதற்குப் பின்னும் அதே நிலை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் வீட்டில் அது தெர்மாமீட்டர் மாதிரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2-க்குக் கீழே போனால் பாதி காலி. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நிற்கிறது என்றால் குற்றம் பேட்டரியுடையது இல்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாற்றி 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடித்துவிடுவார். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் புதுப் பேட்டரியும் படுத்துக்கொண்டது.

நம் வெயிலுக்குப் பேட்டரி நான்கு வருடம் உழைத்தாலே பெரிது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க 3,800 முதல் 4,500 ரூபாய்.

### சத்தமே இல்லை, ஆனால் விளக்கு பளிச்சென்று எரிகிறது

பியூஸ், அடுத்து ஸ்டார்ட்டர் ரிலே, அடுத்து என்ஜினைச் சுற்றிவிடும் செல்ப் மோட்டார். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் மரக்கட்டையால் செல்ப் மோட்டாரை லேசாகத் தட்டட்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்த நிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். அப்போது வண்டி எடுத்துவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அன்றே பட்டறைக்குப் போங்கள். நாளைக்கும் தட்டினால் எடுக்கும் என்று நம்பி நாங்குநேரி தாண்ட வேண்டாம். 1,200 முதல் 2,000 ரூபாய்.

### செல்ப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், முள் பொய் சொல்லும் வயது இந்த வண்டிகளுக்கு. அடுத்து, சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் பியூஸ், ரிலே, கடைசியில் பம்ப் (2,500 முதல் 4,500 ரூபாய்). சத்தம் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில். குற்றாலத்தில் சாரலில் இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் இப்படி அடம்பிடிக்கும். காயிலையும் ஒயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, பானெட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் விட்டாலே பலமுறை சரியாகியிருக்கிறது.

இன்னொரு காரணம் எலி. வீட்டைச் சுற்றித் தோட்டம் உள்ளவர்கள் பானெட்டைத் திறந்ததும் ஒயர்களில் பல்தடம் தேடுங்கள். புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடுகிறார்கள், அந்துருண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டு எலி புகையிலையைத் தள்ளி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே கூடு கட்டியிருந்தது. வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுவதுதான் எனக்குப் பலித்த ஒரே மருந்து.

## வெப்பமுள் மேலே ஏறுகிறது

நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருக்கும் கோளாறு இது. பழைய காரைக் கொல்வதும் பெரும்பாலும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஏறும்போதே செய்ய வேண்டியது: ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஊதுவிசிறியை முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் உள்ளே இருப்பவர்கள் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும். முள் இறங்கவில்லை என்றாலோ ஆவி தெரிந்தாலோ உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். "அடுத்த டீக்கடை வரைக்கும் போய்விடலாம்" என்ற இரண்டு கிலோமீட்டர்தான் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வழி.

செய்யக் கூடாதது: ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறப்பது. முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விட்டுவிடும்.

இனி, எப்போது ஏறுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### நெரிசலில் நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ரேடியேட்டர் விசிறியைச் சந்தேகப்படுங்கள். வண்ணார்பேட்டைப் பாலத்தருகே மாலை ஆறு மணிக்குத்தான் இது பெரும்பாலும் வெளிப்படும். வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் விசிறி சுற்றும். அப்போது சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் வெப்பம் அறியும் சென்சார் (400 முதல் 900 ரூபாய்). ஏசிக்கும் சுற்றவில்லை என்றால் பியூஸ். பியூஸ் நன்றாக இருந்தால், ஹாரனுக்கும் பெரும்பாலும் அதே அளவு ரிலே இருக்கும். அதைப் பிடுங்கி இங்கே மாட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. 1,500 முதல் 2,500 ரூபாய்.

### மேட்டில் அல்லது நெடுஞ்சாலையில் ஏறுகிறது

எங்கள் வண்டியின் நோய் இது. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முள் முக்காலுக்குப் போய்விடும். மூன்று முறை போய், மூன்று முறையும் ஆவி பறக்க நின்றோம்.

முதல் முறை ஒரு பட்டறையில், என்ஜின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு அண்ணாச்சி?" இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாமல் ஓடினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எங்களுக்கு லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைந்தது. புளியரையில் முள் ஏறுவது மட்டும் குறையவில்லை.

இரண்டாவது முறை வேறொரு பட்டறை. ரேடியேட்டரையே மாற்றினார்கள். கூலியோடு 5,200 ரூபாய். மூடியை மட்டும் பழையதையே மாட்டிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது முறை, ஆறிய பிறகு, தென்காசியில் ஒரு வயதான மெக்கானிக் மூடியைக் கழற்றித் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகத்தடம் அப்படியே நின்றது, மேலெழும்பவில்லை. வளையம் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகிவிட்டிருந்தது. அடியிலிருந்த ஸ்பிரிங்கை இரண்டு விரலால் அமுக்கினார். குழந்தை பொம்மையின் ஸ்பிரிங் போல அமுங்கிவிட்டது. "அழுத்தம் நிற்கவில்லை, தண்ணீர் கொதிக்கிறது, அவ்வளவுதான்." புது மூடி 180 ரூபாய். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு புளியரையில் முள் பாதியைத் தாண்டியதில்லை.

ஆகவே வரிசை இப்படி:

1. ஆறிய வண்டியில் ரிசர்வ் டேங்க் அளவு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள்.
2. மூடியின் ரப்பர், ஸ்பிரிங். 150 முதல் 300 ரூபாய். பழையதில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும்.
3. ஹோஸ் குழாய்கள். ஆறிய நிலையில் கையால் பிசையுங்கள். சோளப்பொரி போல நொறுநொறுவென்று இருந்தாலும், சாணி போலக் கொழகொழவென்று இருந்தாலும் மாற்றுங்கள். ஒன்று 250 முதல் 500 ரூபாய்.
4. ரேடியேட்டரின் முகம். நம் பக்கத்துக்கே உரிய ஒரு காரணம் இங்கே இருக்கிறது. அறுவடை நாளில் உளுந்துச் செடியையும் கொள்ளையும் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப் போகவிடுகிறார்கள். நாமும் ஏறிப் போகிறோம். தூசியும் தொலியும் ரேடியேட்டர் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பீச்சுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அப்படியே வண்டிக்கு அடியில் குனிந்து, சைலன்சரைச் சுற்றி வைக்கோலோ செடியோ சிக்கியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். அதில் தீப்பிடிக்கும்.
5. தெர்மோஸ்டாட். முள் மேலே இருக்கும்போது ரேடியேட்டருக்கு வரும் மேல்குழாய் சூடில்லாமல் இருந்தால் அது மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. 500 முதல் 900 ரூபாய். மாற்றுங்கள், எறியாதீர்கள்.
6. வாட்டர் பம்ப். பம்புக்கு அடியில் ஒழுகிய தடம், 'கிரீச்' சத்தம். கூலியோடு 2,500 முதல் 4,000 ரூபாய். உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட் இருந்து, பம்ப் அதன் பின்னால் இருந்தால், இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.
7. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. 3,500 முதல் 5,500 ரூபாய்.

ஏழாவதுக்குப் பெரும்பாலும் காரணம் நாமேதான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தெரியும். அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். வெந்நீர்ப் பானையில் படிவது போல உள்ளே வெள்ளையாகப் படிகிறது. வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றலாம். ஊர் வந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். இரண்டு, மூன்று வருடம் கவலையில்லை.

### இங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

ஒழுகல் எங்குமே இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கிறது. சைலன்சரில் வெயில் நேரத்திலும் வெள்ளைப் புகை. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், என்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்; கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமன் செய்து மாட்ட 9,000 முதல் 16,000 ரூபாய். தொடங்குவதற்கு முன் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்பதை அளந்து உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

## பிரேக்

இந்த ஒரு தலைப்பில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டேன்.

### 'கீச்' சத்தம்

மழையில் நின்ற வண்டி காலையில் நான்கைந்து முறை கீச்சிடுவது வெறும் துரு. தொடர்ந்தால் பேட் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரங்களுக்கு 1,000 முதல் 1,600 ரூபாய். 'கர கர' என்று இரும்பு உரசும் சத்தம் வரும்வரை விட்டால் டிஸ்க்கையும் சேர்த்து 4,000-க்கு மேல் போகும்.

### மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது

பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நான்கு சக்கரங்களின் உட்பக்கமும் ஈரம் தேடுங்கள். பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகுவது பழைய வண்டிகளில் சகஜம். ஒன்று 400 ரூபாய், கூலி தனி. ஒழுகல் இல்லை, ஆனால் மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரை வரை இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர். இரண்டிலும் வண்டியை நகர்த்தாதீர்கள். மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்.

மலையிறங்கும்போது மட்டும் மிதி இளகி, கருகல் வாடை வந்தால் பழுது வண்டியில் இல்லை, ஓட்டுகிறவரிடம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயிலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். 500 முதல் 700 ரூபாய்.

## ஸ்டியரிங் நடுங்குகிறது, ஒருபக்கம் இழுக்கிறது

80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுக்கம்: வீல் பேலன்சிங், நான்குக்கும் சேர்த்து 500 ரூபாய் அளவில். போகும் முன் டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். புடைப்பிருந்தால் பேலன்சிங் வீண்.

ஒருபக்கம் இழுப்பு: காற்றழுத்தம், அடுத்து அலைன்மென்ட். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது மட்டும் இழுத்தால் அது காற்று. காற்றாலை நிற்கிற இடத்தில் வண்டி ஆடாமல் என்ன செய்யும்? என் மைத்துனர் இதற்காக இரண்டு முறை அலைன்மென்ட் செய்தார்.

முழுக்கத் திருப்பினால் 'கட கட' சத்தம்: சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும். கிழிந்ததும் பார்த்தால் 600 ரூபாய். சத்தம் வந்த பிறகு பார்த்தால் ஜாயின்டோடு 2,500 முதல் 3,500.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாகவே இருந்தாலும் ஆறு வருடம் ஆனதை நான் நான்குவழிச் சாலைக்கு எடுத்துப் போவதில்லை. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

## ஏசி குளிரவில்லை

அக்னி நட்சத்திரத்தில் எல்லோருக்கும் நினைவு வரும் கோளாறு. பட்டறைகளும் அந்த நேரம் நிரம்பி வழியும், விலையும் ஏறும். மாசி மாதத்திலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

காற்றே குறைவாக வருகிறதா? கேபின் பில்டர் இருக்கும் வண்டியில் அதை மாற்றுங்கள், 250 முதல் 400 ரூபாய். காற்று நன்றாக வந்து குளிர் மட்டும் இல்லையா? முன்னால் கண்டென்சரில் தூசி, அடுத்து விசிறி, அடுத்து கேஸ். கேஸ் நிரப்ப 1,200 முதல் 1,800 ரூபாய். ஒவ்வொரு கோடையிலும் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ ஒழுகுகிறது. அழுத்தம் ஏற்றி ஒழுகும் இடத்தைக் காட்டாமல் கேஸ் மட்டும் நிரப்பித் தருகிறவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். கண்டென்சர் 3,500 முதல் 5,000. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய கூலிங் காயில் 6,000-க்கு மேல். கம்ப்ரசர் 10,000 தாண்டும்; அந்த இடத்தில், இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

முன்சீட்டில் இடப்பக்கம் அமர்ந்தவரின் காலடியில் தண்ணீர் நிற்பதும் ஏசி சம்பந்தப்பட்டதே. வெளியேற்றும் குழாய் அடைத்திருக்கிறது. ஊதிவிட்டால் போதும்.

## இழுவை இல்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது

டயர் காற்று, ஏர் பில்டர் (250 முதல் 350 ரூபாய்), பிளக் (ஒன்று 120 முதல் 200), கைப்பிரேக் முழுக்க விடுபடுகிறதா என்ற சோதனை. இந்த நான்கும் பத்தில் ஏழு முறை போதுமாக இருக்கின்றன. தேரிக்காட்டு வழியாக அடிக்கடி போகிறவர்கள் ஏர் பில்டரை ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து தட்டுங்கள். செம்மண் கொட்டுவதைப் பார்ப்பீர்கள்.

இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. அதற்கென்று வடிவமைக்காத பழைய வண்டிகளில் மைலேஜ் சற்றுக் குறைவதற்கு மருந்தில்லை. பார்க்க வேண்டியது ரப்பர் பெட்ரோல் குழாய்களை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே பட்டறைக்குப் போங்கள்.

என்ஜின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச். கேபிள் உள்ள வண்டி என்றால் முதலில் கேபிளைச் சரிசெய்யச் சொல்லுங்கள், காசு அதிகம் ஆகாது. பிளேட் தேய்ந்திருந்தால் செட்டும் கூலியுமாக 6,000 முதல் 8,500.

புகையின் நிறம்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் பில்டர், சென்சார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நீலத்துக்கு உடனே என்ஜினைப் பிரிக்கச் சொன்னால், என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அது 300 ரூபாய். அதன் பிறகுதான் வால்வு சீல், கடைசியில் ரிங். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டே இன்னும் சில வருடம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை.

## வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்த முதல் காரியம் சாவியைத் திருப்பிப் பார்த்தது. அதுதான் என்ஜினை உடைத்தது.

தண்ணீர் கதவின் அடிப்பகுதியைத் தாண்டியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் இருக்கிறதா, ஏர் பில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, ஆயில், பில்டர், கியர் ஆயில் எல்லாம் மாற்றியபின் ஸ்டார்ட் செய்வார். இந்த அளவில் பிடித்தால் 6,000 முதல் 10,000. தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் அத்தோடு கணக்கு முடிந்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு நம் வண்டிக்கென்று ஒரு ரூபாயும் வராது.

தரை விரிப்பைக் கழற்றி வெயிலில் போடுங்கள். அடியில் இருக்கும் பஞ்சு காயவில்லை என்றால் ஆறு மாதத்தில் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழும்.

## எதை எப்போது, வருடத்துக்கு எவ்வளவு

கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். எங்கள் வண்டி இப்போதெல்லாம் வருடத்துக்கு ஆறாயிரம்கூட ஓடுவதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு நாள்காட்டிதான் கையேடு. ஆயிலும் ஆயில் பில்டரும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. பிளக் 30,000-இல். கியர் ஆயில் 40,000-இல். டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முன்னால் வருகிறதோ அது. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கி, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளையும். சங்கிலி உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயிலை மட்டும் காலத்தில் மாற்றுங்கள்.

எங்கள் நோட்டுப்படி வருடக் கணக்கு: ஆயில் சர்வீஸ் 2,800. பிரேக் ஆயிலும் கூலன்டும் வருடத்துக்குப் பிரித்தால் 700. நான்கு வருடத்துக்கு ஒரு பேட்டரி, ஆக 1,050. ஆறு வருடத்துக்கு நான்கு டயர், ஆக 2,300. ஏசிக்கு 1,500. பிரேக் பேட், கிளட்ச் இரண்டையும் பிரித்தால் 1,800. கூட்டினால் 10,150 ரூபாய். சொல்லாமல் வருவதற்கு இன்னொரு ஏழாயிரம். மாதம் 1,500 ரூபாயை வேறு கணக்கில் போட்டுவிடுகிறோம். ஒரு வருடம் அதில் மீதி இருக்கும், அடுத்த வருடம் இழுக்கும்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அதன் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது; புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2024-இல் எங்கள் வண்டியைக் கொண்டுபோனபோது பிரேக், விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் தேறிவிட்டன. தாமதமானது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணால். துருவில் நான்கு இலக்கம் மறைந்துபோயிருந்தது. போகும் முந்தைய நாளே அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேய்த்தால் எண் அழிக்கப்பட்டதாக எழுதிவிடுவார்கள்.